4417-க்கு ஒரு சான்றுக் கடிதம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு துப்பாக்கியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து ஹோபார்ட்டுக்கு அனுப்பவேண்டிய ஒரு பக்கக் கடிதமாகத் தொடங்கியது. அந்தக் கடிதம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதை முடிக்க முடியாத எரிச்சலில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கதைக்குரிய தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"பனி இறங்கிய சரிவில் கடமான் ஒன்று தலைநிமிர்ந்து..." வேண்டாம். இதில் எந்த மானும் சாகப்போவதில்லை. ஏமாந்துபோவீர்கள்.

"துப்பாக்கி என்பது வெறும் இரும்பும் மரமும்..." இப்படித் தொடங்குகிற எவரையும் நானே படிக்கமாட்டேன்.

எனவே நேராகச் சொல்கிறேன். என் பெயர் ரகுநாதன். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில், மலைக்குப் போகும் சாலையில், வேட்டைத் துப்பாக்கிக் கடை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. இங்கே நான் நேதன். ஓய்வு நேரத்தில் தமிழில் கதை எழுதுவேன். கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும், ஒருவரும் படித்ததில்லை.

2

எங்கள் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். சுடுவதற்கு வாங்குகிறவர்கள், சுடாமல் வைத்திருப்பதற்கு வாங்குகிறவர்கள். முதல் வகை ஆள் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்ப்பார். இரண்டாம் வகை ஆள் கையுறை மாட்டிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்களைப் படிப்பார். ஒரே துப்பாக்கியில் இவருக்குப் பிடித்ததெல்லாம் அவருக்கு ஆகாது. தொலைநோக்கி மாட்ட நாலு துளை போட்டால் வேட்டைக்காரருக்குச் சௌகரியம், சேகரிப்பவருக்கு வயிற்றெரிச்சல்.

இந்தக் கதையில் துப்பாக்கி இரண்டு. ஆஸ்திரியாவில் இப்போது இல்லாத ஒரு சின்னப் பட்டறையில் செய்தவை. மரக்கட்டை குழலின் நுனிவரை ஓடும். போல்ட்டின் கைப்பிடி கரண்டிக் காம்பு மாதிரித் தட்டையாக இருக்கும். (போல்ட்டு என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு. இந்தக் கதைக்கு இதைத் தெரிந்துகொண்டால் போதும்.) இந்த நாட்டில் இவை மொத்தம் பத்து இருந்தால் அதிகம். தோட்டா கடையில் கிடைக்காது, வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் ஈர மரங்களுக்கு நடுவே, நாற்பதடி தூரத்தில் திடீரென்று எழும் கடமானுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான துப்பாக்கியை நான் பார்த்ததில்லை.

1981-இல் மர ஆலை வைத்திருந்த ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அடுத்தடுத்த எண்ணில் இரண்டு வரவழைத்தார். 4417 மாப்பிள்ளை டெஸ்ஸுக்கு. 4418 மகள் நோலீனுக்கு. இரண்டிலும் போல்ட்டில் அந்தந்தத் துப்பாக்கியின் எண்ணே பொறித்திருக்கும். 1993-இல் நோலீன் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டெஸ்ஸின் வீட்டைவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஊரில் இதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

3

போன மாதம் டெஸ் 4417-ஐக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"எழுபத்தஞ்சு ஆகப்போகுது நேதன். இது பெட்டியில தூங்குது. வித்துக் குடு."

"எத்தன தடவ சுட்டிருப்ப?"

"ஒரு பெட்டித் தோட்டா இருக்குமா? அதுகூட முழுசா இல்ல."

துணியை விலக்கியதும் எனக்கு மூச்சு நின்றது. நாற்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. போல்ட்டைக் கழற்றினேன். அதில் 4418 என்று இருந்தது.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை. "டெஸ், இது நோலீனோட போல்ட்டு. இப்படியே வித்தா ஒன்பதாயிரம். சரியான போல்ட்டோட வித்தா இருபத்திரண்டாயிரம்" என்றேன்.

"அப்படியா" என்று தாடியைச் சொறிந்தார். "கேட்டுப் பாரு. நான் கேக்கமாட்டேன்."

பணம் எதற்கு என்று கேட்பீர்கள். முதல் வரைவில் டெஸ்ஸுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை வைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அடித்துவிட்டேன். உண்மையில் அவர் முழங்கால் நன்றாகவே இருக்கிறது. இப்போது அவரோடு வாழும் ஜூடிக்கு ஒரு கேரவன் வேண்டும், காரில் இழுத்துப் போகிற வீடு, குளிர்காலத்தில் வெயில் தேடி வடக்கே போய்வர. முழங்காலுக்கு என்றால் நீங்கள் நோலீனிடமிருந்து போல்ட்டைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவீர்கள். கேரவனுக்கு யோசிப்பீர்கள். யோசியுங்கள்.

4

நோலீன் வியாழக்கிழமைதோறும் கடைக்கு வருவார். வெடிமருந்தோ, குண்டோ, ஒன்றும் வேண்டாமென்றால் வம்போ வாங்கிப் போவார். எழுபது வயது. இந்தப் பள்ளத்தாக்கில் அவரைவிட அதிகமாகக் கடமான் எடுத்தவர் கிடையாது. அவருடைய துப்பாக்கியைச் சேகரிப்பவர் யாரும் சீந்தமாட்டார்கள். நாலு துளை, கட்டையில் முள்கம்பிக் கீறல், வார் மாட்டும் வளையம் வேறெதிலிருந்தோ எடுத்தது.

"உன் மூஞ்சி ஏன் இப்படியிருக்கு? மருந்து தீந்துபோச்சா?"

"டெஸ் வந்தாரு."

"செத்துட்டானா?"

"செத்தா எப்படி வருவாரு? துப்பாக்கிய விக்கணுமாம். உங்க ரெண்டு பேரோட போல்ட்டும் மாறியிருக்கு நோலீன்."

அவர் சிரித்த சிரிப்பில் கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் பாத்துட்டான். அதுவும் கடையில வேல பாக்கறவன்."

"எப்படி மாறிச்சு?"

"தானா மாறல. நான் மாத்தினேன். கல்யாணமாகி ரெண்டாவது குளிர்காலம், மலைமேல கூடாரம். என்னோடது குளிர்ல இறுகிக்கும், கைப்பிடிய ரெண்டு கையால தூக்கணும். அவனோடது தானா ஓடும். அவன் டீ போட்டுட்டிருந்தான். மாத்திட்டேன்."

"சொல்லலையா?"

"அவனா பாக்கட்டும்னு இருந்தேன். சாயங்காலத்துக்குள்ள பாத்துருவான்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வாரம்னு நெனச்சேன். பதினொரு வருஷம் ஆச்சு நேதன். பொண்டாட்டி கையில என்ன இருக்குன்னும் தெரியல, தன் கையில என்ன இருக்குன்னும் தெரியல. அந்த ஆளோட உக்காந்து என்னத்தப் பேசறது? கிளம்பிட்டேன்."

(ஒரு போல்ட்டுக்காக யாரும் புருஷனை விட்டுப் போவதில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். "வேற காரணமும் இருக்கு. ஆனா சொல்றதுக்கு இதுதான் லேசா இருக்கு" என்றார்.)

அவர் கட்டைவிரலில் இப்போது வாதம். இறுகும் போல்ட்டை அந்த விரலால் தூக்க முடியாது. அதாவது, 4417-இன் போல்ட்டைக் கொடுத்தால் நோலீனின் வேட்டை அன்றோடு முடிந்தது.*

* தேய்த்துச் சரிசெய்யலாமே என்று நினைக்கும் வாசகருக்கு: அந்த இரும்பின் கடினமெல்லாம் மேல்தோலில் இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டால் சுடும்போது பூட்டு விட்டுப்போகலாம், பிறகு நம்பித் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைக்க முடியாது.

"குடுக்கமாட்டேன்" என்றார் நோலீன். ஆனால் போல்ட்டைப் படம் எடுத்துக்கொள்ள விட்டார்.

5

ஹோபார்ட்டில் பாஸ்கோ என்றொரு சேகரிப்பாளர். அவருக்குப் படங்களை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசியில் வந்தார்.

"துப்பாக்கி குமரி, போல்ட்டு கிழவி. யாரப்பா புதுசா நம்பர் வெட்டினது?"

பத்தொன்பது வருட அனுபவம் என்று மேலே பீற்றிக்கொண்டேன் அல்லவா? எண்ணைப் பார்த்த நான் தேய்மானத்தைப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் வேட்டையாடிய போல்ட்டை, ஒரு பெட்டித் தோட்டா சுட்ட துப்பாக்கியில் மாட்டினால் எவரும் மோசடி என்றுதான் சொல்வார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"அது கதை" என்றார். "அதையே எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நீயும் சாட்சி போட்டு அனுப்பு. முழு விலை தரேன்."

ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்றாயிரம் டாலர் தருவதாகச் சொன்ன முதல் வாசகர் அவர்தான். அதுவும் தமிழ் வாசகர் இல்லை.

அடுத்த வியாழன் நோலீனிடம் இதைச் சொன்னேன். வம்புக்காகத்தான் சொன்னேன், கொடுப்பார் என்று நினைக்கவில்லை.

"டெஸ்ஸும் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா."

"அப்ப எழுது. நான் மாத்தினேன், அவன் கவனிக்கவே இல்லைன்னு எழுது. அதுக்குக் கீழ அவன் கையெழுத்துப் போடட்டும். போட்டா போல்ட்ட எடுத்துக்கட்டும்."

"உன் வேட்ட போயிடுமே."

"இன்னும் ரெண்டு குளிர்காலம் வரும், அவ்வளவுதான? இது எனக்கு அதவிடப் பெருசு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். தன் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றித் துடைத்து, என் மேசை இழுப்பறையில் அவரே வைத்தார். பதிலுக்கு 4418 போல்ட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "அத வச்சு நான் என்ன பண்ண?" என்றார்.

6

இங்கே மூன்று முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

அ. டெஸ் கையெழுத்துப் போடுகிறார். கேரவன் வடக்கே போகிறது.

ஆ. டெஸ் ஆண்பிள்ளை வீறாப்பில் மறுக்கிறார். நோலீன் போல்ட்டை எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்.

இ. இருவரும் கடையில் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள், வெளியே மழை... இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

7

திங்கட்கிழமை டெஸ் வந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"இது பொய் நேதன்."

"எது?"

அந்த வரியில் விரலை வைத்தார். "மறுநாள் காலையிலயே எனக்குத் தெரியும். போல்ட்டு தூக்க வரல. எடுத்துப் பாத்தேன், பதினெட்டுன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவ கையில அது ஓடுன அழகப் பாத்தேன்பா. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா, உடனே கழட்டிக் குடுத்துருவா. ரோஷக்காரி. அதான் ஒண்ணும் சொல்லல."

"உன் வேட்ட?"

"இறுகற போல்ட்ட வச்சுக்கிட்டு எவன் மலையேறுவான்? முட்டி வலின்னு சொல்லிட்டேன். தூண்டில் வாங்கிட்டேன்."

நான் 4417-ஐப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பாஸ்கோ முழு விலை தருவதாகச் சொன்னது அந்தப் பளபளப்புக்கு. அதற்காகத்தான் அன்று எனக்கும் மூச்சு நின்றது.

(இங்கே டெஸ்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போதுதான் ஜோடித்துச் சொல்கிறாரோ? இரண்டு நாள் யோசித்தேன். ஜோடிப்பதென்றால் விலை ஏறுகிற மாதிரி ஜோடித்திருப்பார். இதனால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நம்பிவிட்டேன்.)

"இத அவகிட்ட சொல்லிடு டெஸ். இன்னிக்கே சொல்லிடு."

"சொன்னா என்ன ஆகும்? நான் பாக்கவே இல்லைன்னு நாப்பது வருஷமாத் திட்டிட்டு நிம்மதியா இருக்கா. பாத்தேன்னு சொன்னா, விட்டுட்டுப் போனது தப்போன்னு உக்காந்து யோசிப்பா. எழுபது வயசுல அது எதுக்கு அவளுக்கு?"

"அப்ப போல்ட்ட மட்டும் ஏன் திருப்பிக் கேக்கற?"

ஜன்னல் வழியாக வண்டியில் உட்கார்ந்திருந்த ஜூடியைப் பார்த்தார். "பேனா குடு" என்றார்.

கையெழுத்துப் போட்டார். 'கவனிக்கவே இல்லை' என்ற வரிக்கு நேர் கீழே.

8

மிச்சம் இருப்பது என் கையெழுத்து.

போட்டால் நோலீன் கேட்டது அவருக்குக் கிடைக்கும். மலை கிடைக்காது. போடாமல் நடந்ததைச் சொன்னால், போல்ட்டு திரும்பிவிடும், இரண்டு குளிர்காலம் மிஞ்சும். அந்த இரண்டு குளிர்காலமும் மலையில் தனியாக உட்கார்ந்து அவர் எதை நினைப்பார் என்பது எனக்குத் தெரியும். டெஸ்மேல் கோபப்படுவதா, அவருக்காக அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவன் இப்படிச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

இதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். அவர்கள் இருவராலும் படிக்க முடியாது. யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்கவும் முடியவில்லை. இப்போது உங்களுக்கும் தெரியும்.

நாளை வியாழன். நோலீன் வந்து, "போட்டானா?" என்று கேட்பார். போட்டார் என்பது உண்மை. அதற்குமேல் நான் வாயைத் திறக்கலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். என்னால் முடியாது. கடிதத்தின் கடைசி வரியை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்.

மேலே எழுதியிருப்பது உண்மை என்று நான் அறிவேன்.

சாட்சி: ............................