பின்பக்கத்து எண்ணிக்கை

கடைசி அஞ்சலித்தாளை யாரிடம் கொடுத்தோம் என்று வெர்லீனுக்கு நினைவில்லை. தேவாலய வாசலில் நின்று கை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் கையில் ஒன்றும் இல்லை. முகப்பில் அப்பாவின் படமும் உள்ளே அவர் வாழ்க்கைக் குறிப்பும் போட்டு நூற்றைம்பது அடித்திருந்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. வெறும் கையோடு போய் முதல் வரிசையில் தம்பி தெரோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சவப்பெட்டி திறந்திருந்தது. அப்பா பழுப்பு கோட்டு போட்டிருந்தார். அதில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம். மாற்ற வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்தாள். பிறகு மறந்துவிட்டது. லெமுவெல் பிராக்ஸ்லி முப்பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார், ஒரு குழந்தையைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை என்று போதகர் சொன்னார். பின்னால் யாரோ “ஆமென்” என்றார்கள். வெர்லீன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட வந்தார்கள். பொரித்த கோழி, சீஸ் மக்ரோனி, பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரை. வெப்பம் தாங்காமல் பலர் அப்பாவின் படம் போட்ட தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“தின்னுடி,” என்று ஒடெஸா அத்தை ஒரு தட்டை அவள் முன்னால் தள்ளினாள். அப்பாவின் தங்கை, எழுபத்தாறு வயது, ஊதா தொப்பி. “இந்த மக்ரோனி வாயில வைக்க வெளங்கல. இருந்தாலும் தின்னு. செஞ்சவ அங்க நின்னு பாக்கறா.”

வெர்லீன் இரண்டு வாய் தின்றாள். ருசி தெரியவில்லை.

அப்போதுதான் மிஸ் ஹோலிஸ் வந்தாள். மாவட்ட ஆவணக்காப்பகத்துக்காரி. ஒரு கையில் ஷூ பெட்டி, இன்னொரு கையில் காகித உறை. மாதிரிக்குப் படமெடுக்க வாங்கிப்போன பதினோராவது பெட்டி அது. மற்ற பத்தும் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஐம்பது வருடமாக இந்த ஊரில் அடக்கமான பிராக்ஸ்லிகள் எல்லோருடைய அஞ்சலித்தாளையும் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

“இன்னிக்குக் கேக்கக் கூடாது, தெரியும்,” என்றாள் மிஸ் ஹோலிஸ். “ஆனா வெள்ளிக்கிழமை குழு கூடுது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுப்பதாக எழுதித்தரும் படிவம். வெர்லீனுக்கு அது பழக்கமானதுதான். மருத்துவமனையில் மூன்று முறை அப்பாவிடம் நீட்டியிருக்கிறாள். மூன்று முறையும் அவர் திருப்பிக் கொடுத்தார். ‘பிராக்ஸ்லி குடும்பத் தொகுப்பு, பகுதி ஐந்து’ என்று அதில் இருந்தது. முதல் நான்கு பகுதிகளும் ஆற்றங்கரைப் பெரிய வீட்டு வெள்ளைக்கார பிராக்ஸ்லிகளுடையவை: கடிதங்கள், புகையிலைத் தோட்டத்துப் பதிவேடுகள். அந்தத் தோட்டத்து அடிமைகள் விடுதலையானபோது எழுதிக்கொள்ள வேறு குடும்பப் பெயர் இல்லாமல் முதலாளியின் பெயரையே எழுதிக்கொண்டார்கள். வெர்லீன் அவர்கள் வழி வந்தவள்.

“அவங்க பதிவேட்டுல எங்க தாத்தாவோட அப்பனுக்குப் பேரே போடல,” என்று சொல்லியிருந்தார் அப்பா, மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு. “ஆம்பள, வயசு இருபதுன்னு இருக்கு. இப்ப அவங்க பேருக்குக் கீழ நான் போய் அஞ்சாவதா நிக்கணுமா? ரெண்டும் வேற வேற தொகுப்பு எண்ணுல இருக்கட்டும். ‘அங்கயும் பாருங்க’ன்னு ஒரு வரி எழுதிக்கட்டும், அது நியாயம். அந்த வீட்டுக்குள்ள மறுபடி போக மாட்டேன்.”

கடைசியாக அவர் தெளிவாகப் பேசியது அதுதான். தன்னிடமிருந்து அவர் வாக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை வெர்லீன் பலமுறை யோசித்திருக்கிறாள்.

“போட்டுடுக்கா,” என்றான் தெரோன். “மாசக் கடைசில அப்பா இருந்த வீட்டுச் சாவிய வீட்டுக்காரன்கிட்ட குடுக்கணும். இல்லன்னா எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.”

“தனி எண்ணு கெடைக்காதா?” என்று வெர்லீன் கேட்டாள்.

“பதினொரு ஷூ பெட்டிக்கு எண்ணு குடுக்கறது எங்க வழக்கம் இல்லீங்க. ஒரே குடும்பப் பேர்னா ஒரே தொகுப்பு. தேடறவங்களுக்கும் சுலபம்.”

வெர்லீன் பெட்டியைத் திறந்து முதலில் கைக்கு வந்த தாளை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. ‘மழை. 84 பேர். மூத்த மகன் வரவில்லை.’ இன்னொன்று: ‘பனி. 31 பேர். பாட்டுக்காரி அழுததால் பாட்டு நின்றது.’ இன்னொன்று: ‘வெயில். 212 பேர். நாற்காலி போதவில்லை.’ அடக்க ஆராதனைகளில் அவர் எப்போதும் பின்கதவருகேதான் நிற்பார். பேருந்தில் பிள்ளைகளை எண்ணுவதுபோல் தலைகளை எண்ணுவார்.

மிஸ் ஹோலிஸ் குனிந்து படித்தாள். கழுத்து சிவந்தது. “பின்பக்கத்த நாங்க படமே எடுக்கல,” என்றாள்.

வெர்லீன் பேனாவை வாங்கினாள். தொகுப்பின் பெயர் இருந்த இடத்தைக் கோடிட்டு அடித்தாள். ‘லெமுவெல் பிராக்ஸ்லி எண்ணியவை’ என்று மேலே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

“குழு ஒத்துக்காம போகலாம்.”

“அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்.”

“எங்க வெப்ப?” என்றான் தெரோன். “உன் வீட்டுல சூட்கேஸுக்கே எடமில்ல.”

“கட்டிலுக்கு அடியில.”

மிஸ் ஹோலிஸ் படிவத்தை உறைக்குள் வைத்தாள். அவள் கைப்பைக்குள் இன்றைய அஞ்சலித்தாளின் ஓரம் தெரிந்தது.

“அது எதுக்கு?”

“கோப்புல வைக்க...” என்றவள் நிறுத்திக்கொண்டாள். எந்தக் கோப்பு என்று வெர்லீன் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். மிஸ் ஹோலிஸ் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்தது. மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாத்தும் சத்தம். வெர்லீன் தாளைத் திருப்பி வைத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அத்தை, இன்னிக்கி எத்தன பேர் வந்தாங்க?”

“யாருடி எண்ணினா? எண்றவன்தான் பெட்டிக்குள்ள படுத்துக் கெடந்தானே,” என்றாள் ஒடெஸா அத்தை. சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “சரி, எழுது. எடது பக்கம், ரெண்டாவது வரிசை. பெர்னிஸ், அவ புருஷன், அந்தக் கொழுத்த மகன். அவன் ரெண்டு எடம் அடைச்சான், ஒண்ணாவே போடு.”

வரிசை வரிசையாகப் போனார்கள். சில முகங்கள் வெர்லீனுக்கு நினைவே இல்லை. அத்தை சொல்லச் சொல்லப் பென்சிலால் கோடு போட்டாள். தெரோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் நின்றிருந்தவர்களைச் சொன்னான். கூட்டிப் பார்த்ததில் நூற்று அறுபத்து மூன்று வந்தது.

“உன்ன எண்ணினியா?” என்றாள் அத்தை.

வெர்லீன் அழித்துவிட்டு எழுதினாள்.

‘வெயில். 164 பேர். தாள் போதவில்லை.’

பென்சிலைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து, அதற்கடியில் சிறிய எழுத்தில் சேர்த்தாள்.

‘மூன்றாவது பொத்தான் வேறு நிறம்.’