ஆற்றுக்கு அக்கரையில் செல்லாத அட்டை

அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றுக்குத் தெற்கே கெண்டக்கி மாநிலம், வடக்கே இல்லினாய் மாநிலம், நடுவில் ஒரு இரும்புப் பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டி வீடு மாறியதில் ராய்ஸும் ட்வைலாவும் மொத்தம் பன்னிரண்டு மைல்தான் நகர்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச் அதே, பல் டாக்டர் அதே, பன்றி இறைச்சியைப் புகையில் வாட்டி விற்கும் கடையும் அதே. மாறியது சட்டம் மட்டும்தான். அது மாறும் என்று ராய்ஸுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட அந்த மனிதனுக்கு வழி இருக்கவில்லை.

ட்வைலா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஒன்பது வருடமாக அவள் கைப்பையில் ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தது. காரணம் அவளுடைய முதல் கணவன் லானி. அவள் தாடையை உடைத்தவன். விவாகரத்து ஆன பிறகும் அவள் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தவன். அவனுக்குப் பயந்துதான் வகுப்புக்குப் போனாள், சுடக் கற்றாள், கெண்டக்கி அரசாங்கத்திடம் படம் போட்ட அனுமதி அட்டையும் வாங்கினாள்.

அவளுடைய இரண்டாவது கணவனான ராய்ஸிடம் துப்பாக்கியே கிடையாது. படகுப் பட்டறையில் அவன் வெல்டர். அங்கே கூட இருந்தவர்களுக்கு இது தீராத கேலி.

"ஏன்டா ராய்ஸ், கெண்டக்கில குடியிருந்துக்கிட்டு ஒரு பொம்மைத் துப்பாக்கி கூட இல்லன்னா வெளிய சொல்லிறாத, ஊரு மானமே போயிரும்."

"எனக்குக் குறி வராதுப்பா. என் கால நானே சுட்டுக்குவேன். அப்புறம் உங்கள்ல யாரு என்னத் தூக்கிட்டுப் போறது?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சொல்லிவிட்டு உடனே முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்வான்.

இல்லினாய்க்கு வந்த முதல் வாரமே ட்வைலா சமையலறை மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே துப்பாக்கியை வைத்திருக்கவே ஒரு அட்டை வேண்டும், அதைப் பையில் போட்டுக்கொண்டு நடமாட இன்னொரு அட்டை வேண்டும். முதல் அட்டைக்குத் தன் விண்ணப்பத்தை நிரப்பி முடித்ததும், "உனக்கும் சேத்தே போட்டுர்றேன் கண்ணு. ஒரே வீட்டுல இருக்கோம், நாளைக்கு நீ தெரியாம என் பையத் தூக்குனாக்கூட வம்பு" என்று அவனுக்கும் நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், உயரம், கண்ணின் நிறம் எல்லாம் கேட்காமலே எழுதினாள். குடும்பத்தில் யாரையாவது அடித்துத் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி வந்தது. அதையும் கேட்காமலே 'இல்லை' என்று போட்டாள்.

"இதெல்லாமா கேக்குறாங்க! அப்படி ஒருத்தன இன்னொரு தடவ என் வீட்டுக்குள்ள விடுவேனா?" என்று சிரித்தாள்.

அந்த நிமிடத்தில் ராய்ஸ் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "போட்டோ சேக்கணும்ல, நான் எடுத்துச் சேத்து அனுப்பிடறேன். நீ போய்ப் படு" என்றான்.

அவன் அனுப்பவில்லை. பொய்யான பதிலோடு தன்னுடையதை அனுப்பினால் ஜெயில். அவளுடையதை மட்டும் அனுப்பினால், அவளுக்கு அட்டை வந்ததும் உன்னுடையது எங்கே என்று கேட்பாள். ஆகவே இரண்டையும் அமுக்கி வைத்தான். மூன்று வாரம் கழித்து அவள் கேட்டபோது, கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்து விட்டான்.

"அனுப்பியாச்சு. போன் பண்ணிக்கூடக் கேட்டேன். புது அட்டை வர்ற வரைக்கும் கெண்டக்கி அட்டையே போதுமாம். நீ பாட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். இதற்குள் கார் இன்சூரன்ஸ் குறையும் என்று அவளை இல்லினாய் டிரைவிங் லைசென்ஸுக்கு மாற்ற வைத்தவனும் அவன்தான். அதை வாங்கிய அன்றே அவள் இந்த மாநிலத்துக்காரி ஆகிவிட்டாள், கெண்டக்கி அட்டைக்கு இங்கே மதிப்பில்லாமல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பின் விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் அவள் காரை நிறுத்தினார். கெண்டக்கியில் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் கேட்பதற்கு முன்பே லைசென்ஸையும் துப்பாக்கி அட்டையையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டிவிடுவார்கள். ட்வைலாவும் அப்படியே நீட்டினாள். "பையில துப்பாக்கி இருக்குங்க, குண்டும் போட்டிருக்கு" என்று பணிவாகச் சொன்னாள். லைசென்ஸ் இல்லினாயுடையது, துப்பாக்கி அட்டை கெண்டக்கியுடையது. போலீஸ்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் துப்பாக்கி அவர் கைக்குப் போனது, அவள் கையில் விலங்கு ஏறியது.

வழக்கு பெரியது. தண்டனை என்று வந்தால் நர்ஸ் வேலைக்கான உரிமம் போய்விடும். இருபத்தொரு வருட வேலை.

வக்கீல் ஹார்ட்விக் அம்மாள் சுற்றி வளைக்காதவர். மறு வாரம் இருவரையும் எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

"இங்க பாருங்கம்மா. நீங்க விண்ணப்பம் போட்டிருந்து, அந்த ஆபீஸ்லயே யாரோ பழைய அட்டை போதும்னு சொல்லியிருந்தா, அரசு வக்கீல்கிட்ட நான் பேசிப் பாக்கலாம். போன்ல பேசுனது யாரு?"

ட்வைலா கணவன் பக்கம் திரும்பினாள். "யாரு பேசுனா, கண்ணு?"

"ஒரு பொம்பள" என்றான் ராய்ஸ். "வெர்னான்னு சொன்னதா ஞாபகம்."

வக்கீல் எழுதிக்கொண்டார். "இவரு பேரெல்லாம் மறக்க மாட்டாருங்க" என்று ட்வைலா அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் அவன் சாவியைத் திருப்பவில்லை. ட்வைலா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பாவம்டா அந்த வெர்னா. ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பா. நம்மளால அவ வேலை போயிருமோ என்னவோ. நான் வேற வழியில்லாமதான் பேரச் சொல்றேன்னு அவளுக்கு ஒரு லெட்டர் எழுதலாமா?"

கைதாகி, விரல் ரேகை கொடுத்து, வேலையும் போகும் நிலையில் இருக்கிற பெண், இல்லாத ஒருத்திக்காகக் கண் கலங்குகிறாள். ராய்ஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வெர்னான்னு யாரும் இல்ல, ட்வைலா."

"என்னது?"

"நான் போனே பண்ணல. விண்ணப்பத்தயும் அனுப்பல. உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை, அவனுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டாள். "ஏன் கண்ணு? உடம்பு சரியில்லையா?"

"அந்தக் கேள்விக்கு நீ இல்லன்னு போட்ட. அது பொய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆர்கன்சாவுல இருந்தப்ப. ஜனெல்லுன்னு பேரு. என் முதல் பொண்டாட்டி. கேஸாயி தண்டனையும் கெடச்சுது. நான் துப்பாக்கிய இந்த நாட்டுல எங்கயும் தொடக் கூடாது. அதான் குறி வராதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"என்ன பண்ணுன அவள?"

"அடுப்பு மேல தள்ளி விட்டேன். மணிக்கட்டு உடஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவதான், ட்வைலா."

"லானியும் ஒரே ஒரு தடவன்னுதான் சொல்லுவான்" என்றாள் ட்வைலா. சத்தம் போடவில்லை. "ஒவ்வொரு தடவையும்."

பிறகு கதவைத் திறந்து இறங்கி, வக்கீல் ஆபீஸை நோக்கி நடந்தாள். கூப்பிடவில்லை, ஆனால் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் பின்னாலேயே போனான்.

ஹார்ட்விக் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஜனெல்லின் பெயர், மணிக்கட்டு, கம்ப்யூட்டரில் இன்னும் அனுப்பாமல் கிடக்கும் இரண்டு விண்ணப்பங்கள், இல்லாத வெர்னா, ஒன்றும் விடவில்லை. சொல்லச் சொல்ல வக்கீலின் முகம் தெளிந்தது. அது அவனை இன்னும் குன்ற வைத்தது.

"இத மொதல்லயே கொட்டியிருக்கலாமேய்யா! கட்டுன புருஷன் பேச்ச நம்பி ஏமாந்தாங்க, அதுவும் போலீஸ் கேக்காமலே உண்மையச் சொன்னாங்க. அரசு வக்கீல் இதக் கேட்டா வழக்க நீட்ட மாட்டாரு. நீங்க இதக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வெட்கக்கேடாத்தான் இருக்கும்."

"தர்றேங்க."

"உங்க வேலைக்கு ஆபத்து வராதும்மா, நம்பிக்கையா இருங்க" என்றார் வக்கீல். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா இன்னொன்னு இருக்கு. அட்டைக்கு முறையா விண்ணப்பம் போட்டுட்டா உங்க துப்பாக்கியத் திருப்பிக் கேக்கலாம். ஆனா இவரு கைக்கு எட்டுற எடத்துல அது இருக்கக் கூடாது. பூட்டி வச்சுக்கிட்டா சட்டப்படி சமாளிக்கலாம். நீங்க பையிலயே வச்சுப் பழகுனவங்க. அப்படித்தான் வச்சுக்குவேன்னா, ஒரே வீட்டுல இவரும் அதுவும் சேந்து இருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

ராய்ஸ் தலை நிமிரவில்லை. அவள் யோசிக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். ஒரு நாள் யோசித்தாலும் போதும், ஒரு மணி நேரம் யோசித்தாலும் போதும் என்று இருந்தது.

"துப்பாக்கியத் திருப்பிக் கேட்டுருங்கம்மா" என்றாள் ட்வைலா. "பையிலதான் வச்சுக்குவேன்."