எண்பது பெட்டிகளுக்கு ஒரே அனுமதி

நிவேதிதா எழுதிய நிரலில் ஒரு தவறாவது இருக்க வேண்டும் என்று ஜமீர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், மூன்றாம் மாடி அலுவலகம். ஒரு மருத்துவமனைக்கான மென்பொருள். நோயாளியின் படிவத்தில் எண்பது பெட்டிகள். எதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதியை ஜமீர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியாக எழுதியிருந்தான். மூன்று வருட வேலை. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் நிவேதிதா சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் எல்லா அனுமதியையும் ஒரே இடத்தில், ஒரு பொது ஆப்ஜெக்டாக வைத்து, ஒவ்வொரு பெட்டியும் உருவாகும்போதே அதனிடம் கொடுத்துவிட்டாள். எண்பதுக்கும் அதே ஒன்று.

"மாமே, உன் மூணு வர்சத்த நாப்பது வரில முடிச்சிட்டாளே" என்றான் பக்கத்து சீட் ஜஸ்டின். "லீட் ஆனா குடுக்குற பிரியாணிய இனிமே அவளாண்டதான் கேக்கணும்."

ஜமீர் சிரித்து வைத்தான். திங்கட்கிழமை மருத்துவமனைக்காரர்கள் முன் சரியாக ஓடினால் அடுத்த புராஜெக்டுக்கு அவள்தான் லீட். மேனேஜர் நடேசன் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஜமீர் படித்து ஒப்புதல் தர வேண்டும்.

மதியம் கிடைத்தது. தேதிப் பெட்டியின் காலண்டரைத் திறந்தால், அந்தப் பெட்டி தன் அனுமதியை 'திருத்தலாம்' என்று மாற்றிக்கொண்டது. பழையபடி திருப்பவில்லை. அனுமதி ஒன்றே என்பதால் எண்பது பெட்டிகளும் திறந்துகொள்ளும். வரவேற்பில் இருப்பவர்கூட மருந்தின் அளவை மாற்றலாம்.

அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒப்புதலை அழுத்தினான்.

"எதுனா தப்பு இருந்துச்சாண்ணா?" என்று வந்து கேட்டாள் நிவேதிதா.

"ஒண்ணும் இல்லம்மா."

திங்கட்கிழமை, மருத்துவமனையின் தலைமை நர்ஸ் ஞானம்மாள் வரவேற்பாளர் கணக்கில் நுழைந்து, காலண்டரைத் திறந்து பிறந்த தேதியைத் திருத்தினார். பிறகு மருந்தளவில் ஐந்தை ஐம்பது ஆக்கினார். பெட்டி ஏற்றுக்கொண்டது.

"இன்னா சார் இது? யார் வேணா மருந்த மாத்தலாமா?"

நடேசன் அந்த வரியைத் தேடிப்பிடித்து, அதை எழுதியவர் பெயரைத் திரையில் திறந்தார். ஜமீர். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. தேதிப் பெட்டியை நிவேதிதா அவனுடைய பழைய நிரலிலிருந்தே அப்படியே எடுத்திருந்தாள். அவன் முறையில் அனுமதி பெட்டிக்குப் பெட்டி தனி என்பதால் அந்த வரி வேறெதையும் தொட்டதில்லை. அதற்குக் கீழே, ஒப்புதல்: ஜமீர்.

"பாக்கவே இல்லியா நைனா?" என்றார் நடேசன்.

"அண்ணா எழுதுனப்ப அது தப்பில்ல சார்" என்றாள் நிவேதிதா. "பொதுவா ஆக்குனது நான். நான்தான் கவனிச்சிருக்கணும்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜமீருக்கு.

அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை நீக்கினாள். பெட்டிகள் அனுமதியைப் படிக்கலாம், மாற்ற முடியாது என்று பூட்டினாள். ஞானம்மாள் மறுபடி முயன்றார். ஐந்து ஐந்தாகவே இருந்தது.

"அடுத்த வேலைக்கும் இந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்றார்.

மாலை நிவேதிதா அவன் மேசைக்கு வந்தாள். "அண்ணா, மாத்துனத ஒருதபா பாத்துடுங்க."

ஜமீர் படித்தான். தவறு எதுவும் இல்லை. மேலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினான்.