கண்ணில் படுகிற இடம்

என் அத்தானுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. எங்கள் குடியிருப்புக்குச் செயலாளர் ஆன மறுநாளே மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், லிஃப்ட் மெக்கானிக் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றினார். லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் எப்படி மீட்பது என்று படத்தோடு அச்சடித்த அட்டை அது.

"இந்தக் காலத்துல எவன்டா அட்டையப் பாக்குறான்? ஸ்கேன் பண்ணா மொத்த மேனுவலும் போன்ல வந்துடும்" என்று என்னிடம் ஒரு க்யூ.ஆர். கோடு ஸ்டிக்கரை ஆட்டிக் காட்டினார். அதை நாலு பேர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டியும் விட்டார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை மனிதருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. உள்ளே என் அக்கா. குளியலறைக் கதவைச் சாத்தினாலே மூச்சு முட்டுகிறது என்பவள்.

மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் அவ தாங்கமாட்டா. ஸ்டிக்கர் எங்க அத்தான்?"

அவர் முகம் செத்துப்போனது. "உள்ள... கண்ணாடிக்குப் பக்கத்துல."

உள்ளே சிக்னல் கிடையாது. வெளியே ஸ்டிக்கர் கிடையாது. செயலாளர் என்றால் சும்மாவா!

"ஏங்க, இருக்கீங்களா? எனக்குப் படபடன்னு வருதுங்க" என்று அக்கா கதவைத் தட்டினாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. படிக்கட்டில் நின்று, லிஃப்ட் கம்பெனி வெப்சைட்டில் மேனுவலைத் தேடி, போனை உயர்த்திப் பிடித்து, திரையில் சுற்றிய வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகத் திறந்த பக்கம் மாடல் நம்பரைக் கேட்டது. அதுவும் லிஃப்ட்டுக்குள்ளேதான் எழுதியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அந்த அட்டைய என்ன பண்ணீங்க?"

"ஆபீஸ் ரூம் மேசை ஆடிச்சுன்னு..."

ஓடினேன். மேசைக்காலுக்கடியில் எட்டாக மடிந்து கிடந்தது. நானும் வாட்ச்மேனும் மோட்டார் அறைக்கு ஏறி, அதில் போட்டிருந்தபடியே மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினோம். பெட்டி மூன்றாவது மாடிக்கு நேராக வந்ததும் இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தோம்.

அக்கா வியர்வையில் நனைந்திருந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த அட்டையை வாங்கி முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"'ஒன்று: உள்ளே இருப்பவரோடு விடாமல் பேசிக்கொண்டிருங்கள்.'" நிமிர்ந்தாள். "அரை மணி நேரம் கூப்புட்டேன். ஒரு வார்த்த பேசுனீங்களா?"

அத்தான் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சிக்னலே இல்லியேம்மா" என்றார்.