அமெரிக்காவில் இன்னும் முப்பத்தொண்ணு

காதலை முதலில் சொன்னது என் வீட்டுக்காரர் அருண்பாண்டிதான். ஒன்பது வருஷமாக மனுஷன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "நீதாம்ட்டி சொன்ன" என்று என் அம்மா முன்னாலேயே சொல்லுகிற ஆளை என்ன செய்ய?

சாட்சி ஒன்று இருந்தது. கல்லூரி விழாவுக்காக நாங்கள் ஜோடியாகப் பாடியது தென்காசியில் அவருடைய கூட்டாளி ஜஸ்டினின் ஸ்டுடியோவில். காதலைச் சொல்லிக்கொண்டதும் அன்றைக்கு, அங்கேதான். மைக்கை யாரும் அணைக்கவில்லையாம். பாட்டு மட்டும் வெளியே போனது, பேச்செல்லாம் அந்த ஃபைலுக்குள் கிடந்தது. அதைத் திறக்க அந்தக் காலத்து சாஃப்ட்வேர்தான் வேண்டும். ஜஸ்டின் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் மாட்டவும், அது மறுபடியும் ஆக்டிவேஷன் கேட்டது. பழைய சாஃப்ட்வேருக்கு ஜூலை முப்பத்தொன்றோடு ஆக்டிவேஷனை நிறுத்துகிறோம் என்று கம்பெனி மெயில் போட்டிருந்தது. அந்த மகராசன் அதைப் படித்தது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில்.

"நேத்தோட போச்சு மதினி" என்றான்.

வீட்டுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! என்னையும் ஜஸ்டினையும் காரில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அருவிக்கரையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, "சாட்சி இல்ல, கேஸ் தள்ளுபடி" என்று சிரித்தார். போலீஸ்காரர் இல்லையா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து சித்தி மகள் முத்துச்செல்வி கூப்பிட்டாள். "உமாக்கா, பொறந்தநாள் வாழ்த்து!"

"அது நேத்தே முடிஞ்சிட்டுட்டி."

"இங்கன இன்னும் முப்பத்தொண்ணுதாம்க்கா."

ஃபோனை வைத்தேனோ போட்டேனோ தெரியாது. "ஏலே ஜஸ்டினு, அந்தக் கம்பெனிக்காரன் எந்த ஊரு?"

"அமெரிக்கா மதினி..." என்றவன் அப்படியே எழுந்து நின்றுவிட்டான்.

"எண்ணெயக் கழுவிட்டு வந்திருதேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் வேண்டாம், வண்டிய எடுங்க!"

ஸ்டியரிங் வழுக்க வழுக்கத் தென்காசி வந்து சேர்ந்தோம். ஜஸ்டின் ஈரக்கையோடு ஆக்டிவேஷன் நம்பரை அடித்தான். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, பாவி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'ஆக்டிவேட் ஆகிவிட்டது' என்று வந்ததும் மூன்று பேரும் குதித்தோம். வீட்டுக்காரர் எண்ணெய்க்கால் வழுக்கி டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். டமார்!

ஃபைல் திறந்தது. முதலில் ஒரு இருமல். அப்புறம் கணீரென்று ஒரு குரல்:

"ஏலே அருணு, என்னையக் கட்டிக்கிடுதியா? சொன்னாத்தான் பாடுவேன்."

என் குரல். ஐயோ, என் குரலேதான்!

சிரிப்பார் என்று பார்த்தால், டிரம்மை விட்டு எழுந்திருக்காமல் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவ போடுடே" என்றார். ஏழு தடவை போட்டான். ஏழாவது தடவைக்கு எனக்கே வெட்கமாக, சிரிப்பாக, என்னமோ போல ஆகிவிட்டது.

அதை ரிங்டோனாக வைத்திருக்கிறார். கத்திரிக்காய் வாங்கிவரச் சொல்ல நான் ஃபோன் செய்தால்கூட, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி, என்னைக் கட்டிக்கிடுதியா என்று நானேதான் முதலில் கேட்கிறேன்.