நடந்து போன டோக்கன்

தம்பானூரிலிருந்து வித்துரா வழியாக மலைமேல் பொன்முடிக்கு ரயில் கிடையாது. ஆனால் ஜகதியில் நாகேஸ்வரன் வீட்டுத் தோட்டத்தில் உண்டு. பலாமரத்தடியில் தம்பானூர் ஸ்டேஷன், வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் வித்துரா, கேட்டுக்குப் பக்கத்தில் கல் அடுக்கி உயர்த்திய மேட்டில் பொன்முடி. எஞ்சின் ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பாட்டரியில் ஓடும். மாதம் ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் கிளப் அந்த லைனைத் திறக்கும். 'என்ன மாமி, பொம்மை ரயிலா' என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மைக்கு டைம்டேபிள் இருக்குமா? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போன் இருக்குமா? போன் எல்லாம் என் ஏற்பாடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள், கழித்துப் போட்ட கருவிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பெயர் சூடாமணி. வித்துரா ஸ்டேஷன் மாஸ்டர் நான்தான்.

எங்கள் சட்டங்கள் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானவை என்று ஒப்புக்கொள்கிறேன். கார் ஷெட்டில் ஒரு கடிகாரம் உண்டு. அதில் பத்து நிமிடத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். விடியற்காலை ஆறில் தொடங்கி நள்ளிரவு வரை ஒரு முழு ரயில்வே நாளை மூன்று மணி நேரத்தில் ஓட்டி முடிப்போம். மின்னல் வெட்டினால் தவிர அந்தக் கடிகாரம் எதற்கும் நிற்காது. கண்ட்ரோலர் அதே ஷெட்டில், தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒரு வண்டியையும் கண்ணால் பார்க்கக்கூடாது. போனில் கேட்டு, தாளில் கோடு போட்டு, எது எங்கே நிற்கிறது, எதை விடலாம், எதைப் பிடிக்கலாம் என்று அவர்தான் சொல்லவேண்டும்.

ஒற்றை லைன் ஆகையால் டோக்கன் உண்டு. பழைய தேக்குக் கட்டிலின் கால்களில் இருந்து கழற்றிய மர உருண்டைகள். ஒன்று தம்பானூர்–வித்துரா பகுதிக்கு, ஒன்று வித்துரா–பொன்முடி பகுதிக்கு. எந்த டிரைவர் கையில் உருண்டை இருக்கிறதோ அவர் வண்டி மட்டும்தான் அந்தப் பகுதிக்குள் போகலாம். டிரைவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடப்பார். போய்ச் சேர்ந்ததும் உருண்டையை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுக்கவேண்டும். கையில்தான். திண்டில் வைத்துவிட்டுப் போகிற கதையெல்லாம் நடக்காது.

இந்தச் சட்டங்களை எழுதியவர் ஸ்ரீகண்டன். முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் இருந்து, டிராஃபிக் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணமானவர் எங்கள் ரிஜிஸ்டரில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று வைத்ததும் அவர்தான். யாரும் கையெழுத்துப் போடாத தாமதம் கண்ட்ரோலர் தலையில் விழும். "என்னோட சர்வீஸ்ல ஒரு டிலேகூட என் பேர்ல ஏறினதில்லையாக்கும்" என்று அவர் ஞாயிறு தவறாமல் சொல்வார். நாங்கள் ஞாயிறு தவறாமல் கேட்போம்.

இனி இசக்கிப்பாண்டி. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கொத்தனார். நாலு வருடத்துக்கு முன் இந்த லைனுக்கு மண் அடித்து, கிணற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பதினோரு வளைவு வைத்துக் கல் பாலம் கட்டியது அவர்தான். அந்தப் பாலத்தை நீங்கள் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கல்லும் தீப்பெட்டி அளவு, உளியால் கொத்தியது. நாலு மழைக்காலம் போயும் ஒரு கல் அசையவில்லை. வேலை முடிந்த பிறகும் மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட் பக்கமாக நின்று பார்ப்பார். பிறகு டிரைவர் ஆனார். டைம்டேபிள் முழுக்க மனப்பாடம். எந்த ஏற்றத்தில் எந்த எஞ்சின் திணறும், எந்த வளைவில் பலா இலை விழுந்து கிடக்கும் என்று அவருக்குத் தெரிகிற மாதிரி எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

கிளப்பில் மெம்பர் ஆகவேண்டுமானால் ஒரு முழு நாளைக் கண்ட்ரோலராக இருந்து, தன் தலையில் ஒரு தாமதமும் விழாமல் முடிக்கவேண்டும். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது ஸ்ரீகண்டன் முகத்தைச் சுளித்தார். "கட்டறது வேற, கண்ட்ரோல் வேற. ஆகட்டும், ஒரு தடவை உட்காரட்டும். ஒரே தடவை." எனக்கு வந்த கோபத்தில் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அந்த ஞாயிறு, ஐப்பசி, தொண்ணூற்றெட்டு. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். இசக்கிப்பாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இல்லேன்னா பொய்யாயிரும்மா. இந்த ஊர்ல முப்பது வீடு கெட்டியிருப்பேன். சாவி கொடுத்த பொறவு ஒரு வீட்டுலயும் உள்ள கேறினதில்ல. அது அவங்க வீடுல்லா. இது ஒண்ணுலயாவது உள்ளயே இருக்கணும்னு ஒரு ஆச." சொல்லிவிட்டுப் பென்சிலையே பார்த்தார்.

"இருப்பேள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வித்துராவுக்கு ஓடினேன்.

அவர் நடத்திய அழகை என்னவென்று சொல்ல! போனில் குரல் உயரவே இல்லை. "வித்துரா, பாசஞ்சர நாலு நிமிசம் பிடிச்சு வையுங்க, கூட்ஸு ஏத்தத்துல இழுக்கும்." சொன்னால் சொன்னபடி கூட்ஸ் ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு நின்று, நாலாவது நிமிடம் வந்து சேரும். கண்ணால் பார்க்காத மனிதர்! கைக்கடிகாரத்தில் ஐந்து மணி வரை ஒரு வண்டி ஒரு நிமிடம் பிந்தவில்லை. பாங்கில் வேலை பார்க்கும் கைலாஷ், எங்கள் டிரைவர்களில் எதற்கும் அசராதவன், "மாமி, இது கில்லாடி ஆளு கேட்டோ" என்றான்.

அப்புறம்தான் அது நடந்தது. பொன்முடியில் இருந்து தேயிலை வண்டியைக் கைலாஷ் இறக்கவேண்டிய நேரம். பொன்முடி ஸ்டேஷன் மாஸ்டர் நாகேஸ்வரன் டோக்கன் பெட்டியைத் திறந்தார். காலி.

எல்லா போனும் ஒரே கம்பியில் ஆனதால் நாகேஸ்வரன் கண்ட்ரோலிடம் சொன்ன எல்லாவற்றையும் நானும் கேட்டேன். ஸ்ரீகண்டன் நாலரை மணிக்குக் கூட்ஸைப் பொன்முடிக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து நாகேஸ்வரன் காப்பி எடுக்க உள்ளே போயிருந்தார். டோக்கனைக் கையில்தானே கொடுக்கவேண்டும்? சட்டம் எழுதியவர் ஆயிற்றே, பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். நாகேஸ்வரன் வந்ததும் இரண்டு பேரும் காப்பியைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி. "பழவங்காடில ஒரு தேங்காய் உடைச்சுட்டு மெயிலுக்கு வந்துடறேன்" என்று ஸ்ரீகண்டன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உருண்டையும் கூடவே பிள்ளையாரைப் பார்க்கப் போய்விட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்முடி மேட்டில் தேயிலை வண்டி. அதன் பின்னால், தம்பானூரிலிருந்து கிளம்பும் கடைசி மெயிலை இழுக்கக் கீழே இறங்கவேண்டிய ஸ்ரீகண்டனுடைய எஞ்சின். என் வித்துராவில் மேலே போகவேண்டிய பாசஞ்சர். எதுவும் நகர முடியாது. சதுர்த்திக் கூட்டத்தில் அந்த மனிதரை எங்கே போய்த் தேடுவது? ஒரு உருண்டையால் இசக்கிப்பாண்டியின் நாள் மொத்தமும் போகப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "கண்ட்ரோல், மச்சுல அதே கட்டிலோட இன்னும் ரெண்டு உருண்டை கிடக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டுடலாம். யாரும் வெளியில சொல்லமாட்டா." சட்டத்துக்காகச் சண்டை போடுகிற சூடாமணிதான் இப்படிச் சொன்னாள்.

"வேண்டாம்மா. அவர் பையில ஒண்ணு, நம்ம பெட்டியில ஒண்ணுன்னா ரெண்டு டோக்கனாயிரும்லா. ரெண்டு இருந்தா ஒண்ணும் இல்லாததுக்குச் சமானம்." பென்சில் மேஜையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "பொன்முடி ரோடு இடிஞ்சப்ப அங்க வேல செஞ்சேன். பாதி ரோடுதான் உண்டு. அங்க செவப்புச் சட்டை போட்ட ஒரு ஆளு. கீழருந்து கடைசியா ஏறுத லாரியில அவன் போவான்; மேலருந்து கடைசியா இறங்குத லாரியில திரும்பி வருவான். அவன் எந்தப் பக்கம் நிக்கானோ அந்தப் பக்கத்து வண்டிதான் வரும். ஒரு நாளும் முட்டினதில்ல."

"அதனால?"

"ஸ்டேஷன் செவப்புக் கொடிய கையில கெட்டிக்கிடுங்க. லைனப் பாத்துக்கிட்டே பொன்முடிக்கு நடந்து போங்க. இன்னைக்கு டோக்கன் நீங்கதான்." பிறகு எல்லோருக்கும் கேட்கிறபடி நிதானமாகச் சொன்னார்: "எல்லா ஸ்டேஷனுக்கும் கண்ட்ரோல் சொல்லுதேன். வித்துரா–பொன்முடி உருண்டை செல்லாது. சூடாமணியம்மா கூட நடக்காம ஒரு வண்டியும் அந்த லைன்ல போகக்கூடாது."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். நாகேஸ்வரன் மனைவி ஜெயலக்ஷ்மியை வித்துரா போனில் உட்காரவைத்துவிட்டு நடந்தேன். தூறல் பிடித்திருந்தது. லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டு, பாலத்தில் ஊர்ந்த ஒரு அட்டைப்பூச்சியைத் தள்ளிவிட்டு, பொன்முடி சேர்ந்தேன். கைலாஷின் தேயிலை வண்டியோடு இறங்கினேன். அவன் வண்டி தம்பானூருக்குப் போனதும், வித்துராவில் காத்திருந்த பாசஞ்சரை நானே ஓட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில் வாழைக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஓடுகிறேனே என்று கூச்சமே இல்லை. பெருமையாக இருந்தது.

பாசஞ்சர் பாலத்தில் ஏறியபோது மேட்டின்மேல் ஸ்ரீகண்டனைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, முகம் வெளிறியிருந்தது. வழியில் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மெயிலுக்கு நேரமாகிவிட்டது, அதன் எஞ்சின் இங்கே நிற்கிறது, தாமதமானால் அவர் பெயர். கையில் டோக்கன் இருக்கிறது. டோக்கன் உள்ளவன் போகலாம், முப்பத்திரண்டு வருடப் பழக்கம். யாரையும் கேட்கவில்லை. ரிமோட்டைத் திருப்பினார். எஞ்சின் பாலத்தை நோக்கி, என் பாசஞ்சருக்கு நேர் எதிரே கிளம்பியது.

நாகேஸ்வரன் போனில் அலறினார்: "கண்ட்ரோல், ஸ்ரீகண்டன் வந்தாச்சு, டோக்கனோட வண்டிய எடுத்துட்டார்!"

பதிலுக்குப் போன் வேண்டியிருக்கவில்லை. ஷெட்டிலிருந்து தோட்டம் முழுக்கக் கேட்டது. "நிறுத்துங்க சாரே! அந்த டோக்கன் செல்லாது! எஞ்சின நிறுத்துங்க!"

ஸ்ரீகண்டனை அப்படி யாரும் அதட்டி நான் கேட்டதில்லை. ஸ்ரீகண்டனின் விரல் தானாகத் திரும்பியது. எஞ்சின் பாலத்தின் முதல் வளைவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நானும் நிறுத்தினேன். அவர் என் வண்டியைப் பார்த்தார், என் கையில் கட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி விளங்கவைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"பைலட் வொர்க்கிங்" என்றார் மெதுவாக. "டோக்கன் தொலைஞ்சா ஒரு ஆளையே டோக்கனா நடத்தறது. ரூல் புக்ல உண்டு. இவன் எங்க படிச்சான்?"

"பொன்முடி ரோட்டுல" என்றேன்.

நாகேஸ்வரன் உருண்டையை வாங்கக் கையை நீட்டினார். ஸ்ரீகண்டன் கொடுக்கவில்லை. "கண்ட்ரோல் கேன்சல் பண்ணின டோக்கன். பெட்டில போடப்படாது. என் கையிலயே இருக்கட்டும்" என்றார். தன் எஞ்சினைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டார். என் பாசஞ்சர் பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறி நிற்கிறவரை, மழையில் விபூதி கரைந்து வழிய, உருண்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். பிறகு நான் முன்னால் நடக்க, அவர் எஞ்சினோடு என் பின்னால் இறங்கி வந்தார். கோபத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மெயில் தம்பானூரிலிருந்து நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. எங்கள் கைக்கடிகாரத்தில் ஏழு நிமிடம் கூட இல்லை. ஆனாலும் தாமதம் தாமதம்தான். தேயிலை வண்டியும் பாசஞ்சரும் வழியிலேயே நேரத்தை ஈடுகட்டிவிட்டதால், அன்றைய ஒரே தாமதம்.

எல்லோரும் ஷெட்டில் கூடினோம். இசக்கிப்பாண்டி ரிஜிஸ்டரைத் திறந்தார். 'மெயில், நாற்பது நிமிடம்' என்று எழுதினார். காரணத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். ஸ்ரீகண்டனை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டிரைவர் வந்ததும் முதல்ல அவர்ட்ட சொல்லணும்னு ஒரு ஆள நிறுத்தியிருக்கணும். அத நான் நெனக்கல. என் தலையிலயே இருக்கட்டும்" என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுபடி பேனாவை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்ரீகண்டன் அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். குனிந்து, கொட்டை எழுத்தில், நிதானமாக எழுதினார்: 'டிரைவர் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனது.' கீழே முழுப்பெயரும் போட்டார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஏறாதது, முதல் தடவையாக அவர் பெயரில் ஏறியது.

பிறகு கண்ட்ரோலர் நாற்காலிக்கு முன்னால் நேராக நின்று, மர உருண்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வித்துரா–பொன்முடி டோக்கன். வாங்கிக்கோங்கோ, கண்ட்ரோலர்."

இசக்கிப்பாண்டி எழுந்திருக்கப் பார்த்தார். ஸ்ரீகண்டன் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.