அம்மா பேசுவா

என் வீட்டுக்காரர் வகுப்பில் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தனக்குத்தானே பேசுகிறாராம். பள்ளிக்கூடத்தில் புகார் எழுதிவிட்டார்கள். அதனால்தான் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த மதராஸ் டாக்டர் முன்னால் அவரை உட்கார வைத்தோம். புத்தி சரியில்லை என்று டாக்டர் சொன்னால் அன்றைக்கே மதராஸ் ரயில். அழுகை வருமென்றுதான் நினைத்திருந்தேன், வரவில்லை. அழுது அழுது மரத்துப்போயிருந்தது.

டாக்டர் ஒரு அட்டையை நீட்டினார். மையைக் கொட்டிக் காகிதத்தை மடித்து எடுத்த மாதிரி ஒரு கறை.

"என்ன தெரியுது?"

"ரெண்டு பாம்பு" என்றார் இவர்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "மண் தின்பீங்களாமே?"

"தினமும்."

அதையும் எழுதினார். "காதுல யாராவது பேசுறாங்களா?"

"அம்மா பேசுவா."

பேனா வேகமாக ஓடியது. அதற்குமேல் சண்முகையா அத்தானால் பொறுக்க முடியவில்லை. இவருடைய அண்ணன், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள்.

"ஐயா, எங்க கோயில்ல சங்கன், பதுமன்னு ரெண்டு பாம்பு உண்டு. பச்சப்பிள்ளையும் அதைத்தான் சொல்லும். மண்ணுங்கது புத்துமண். பிரசாதம். இந்தா, நானும் வச்சிருக்கேன்" என்று மடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இங்கன அம்மான்னா எங்க கோயில் கோமதியம்மா. கனவுல வருவா, காதுல சொல்லுவா. எனக்கே சொல்லியிருக்கா."

டாக்டர் நல்ல மனுஷர். எழுதியதை ஒவ்வொன்றாக அடித்தார். "ஊரைத் தெரியாம இந்தச் சோதனையை வைக்கறது தப்புதான்" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அத்தான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். மதராஸ்காரனுக்கு என்ன தெரியும் என்று தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வெயில் சுட்டது மட்டும்தான் தெரிந்தது.

வீட்டில் இரண்டு பேருக்கும் இலை போட்டேன்.

"ஏட்டி, அம்மாவுக்கும் போடு" என்றார் இவர்.

"அவளுக்குக் கோயில்ல நைவேத்தியம் ஆகியிருக்கும்லே" என்றார் அத்தான், சிரிப்பு மாறாமல்.

"அவளுக்கு ஐயரு வைப்பாரு. நான் நம்ம அம்மாவைச் சொல்லுதேன். நேத்துலேருந்து பசிக்கி பசிக்கிங்கா, உனக்குக் கேக்கலையா?"

என் மாமியார் செத்து மூன்று வருஷம் ஆகிறது. கொள்ளி வைத்தவர் அத்தான்தான். பிசைந்த சோற்றில் அத்தான் கை அப்படியே நின்றது. ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. அத்தான் தலையைத் தூக்கவில்லை.

நான் மூன்றாவது இலையைப் போட்டேன். சோறு வைத்தேன். அத்தைக்கு உப்பு குறைவாக இருக்க வேண்டும். குழம்பை ஊற்றும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.